ஷஃபியுல்லா வாத்தியாரும் அவருடைய 'இஃப்'பும்

ஷஃபியுல்லாவிடம் நேராக ஒரு பதிலை வாங்கிவிடலாம் என்று நினைப்பவன் சுத்த அப்பாவி. "சாயங்காலம் பீச்சுக்கு வர்றியா?" என்று கேட்டால், "மழை வராம இருந்தா, தலைவலி இல்லாம இருந்தா, நீயும் மனசு மாறாம இருந்தா வரேன்" என்பான். கடற்கரை எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரம். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருவரும் திருவல்லிக்கேணியில் வாலாஜா மசூதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்து ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்து, ரேஷன் அரிசியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பகலில் எங்களுக்கு மவுண்ட் ரோடில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை. அவன் இங்கிலீஷில் கடிதம் எழுதுவான், நான் அதை டைப் அடிப்பேன். சாயங்காலமானால் அவன் தன் அறையில் பாய் விரித்துப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்துவான். ஊரெங்கும் சோல்ஜர்கள் திரிந்ததால் கடைக்காரர்களுக்கெல்லாம் அந்தப் பாஷையின் மேல் திடீர்க் காதல் வந்திருந்தது.

வகுப்பில் வேறு எதைத் தொடங்கினாலும் அவன் 'இஃப்'பில்தான், அதாவது நம்முடைய 'இருந்தா'வில்தான், வந்து நிற்பான். "இங்கிலீஷ்காரன் ராஜ்யத்தைப் புடிச்சது பீரங்கியால இல்ல, இஃப்பால" என்பான். "இஃப் யூ பை டூ, ஐ கிவ் ஒன் ஃப்ரீ" என்பது கடைத்தெரு இஃப். வாங்கினால் கிடைக்கும், அவ்வளவுதான். "இஃப் ஐ வேர் தி கவர்னர்" என்பது வேறு ஜாதி. நாம் கவர்னர் ஆகப்போவதில்லை என்று சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும், ஆனாலும் சொல்லிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். "இஃப் யூ ஹேட் கம் எஸ்டர்டே" என்றால் போன டிராமுக்குக் கை காட்டுகிற மாதிரி. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, அதுதான் ஆபீஸ் இஃப். அதில் அந்த இஃப்பே காணாமல் போய்விடும். "ஷுட் யூ ரிக்வயர்", "ஹேட் வீ நோன்" என்று மிடுக்காக வந்து நிற்கும். "கோட்டு போட்டுக்கிச்சின்னா இஃப்பை அடையாளம் தெரியாது" என்று விளக்குவான்.

சாக்கு வியாபாரி சேட்டு அவனிடம் படித்தவர்தான். எங்கள் கம்பெனியிலிருந்து தமக்கு வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் லட்டு டப்பாவோடு மாடியேறி வந்தார். சந்தர்ப்பம் இடம் கொடுக்குமானால் அவருடைய சாக்குகளை வாங்குவதில் கம்பெனி பெருமகிழ்ச்சி அடையும் என்று அதில் இருந்தது. எழுதியவன் ஷஃபியுல்லா, அடித்தவன் நான். ஷஃபியுல்லா ஒரு லட்டைத் தின்று முடித்துவிட்டு, "சேட்டு, இதுக்கு வேணாம்னு அர்த்தம்" என்றான். "வேணாம்னா வேணாம்னு எழுதறது தானே?" "அது மரியாதை இல்ல." சேட்டு மீதி லட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை.

இந்த மரியாதையை அவன் தன் கல்யாணப் பேச்சிலும் காட்டியதுதான் கொடுமை. பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்ட இரண்டு இடங்களில், "அவங்களுக்கு ஆட்சேபணை இல்லாம இருந்தா, எனக்கும் இல்லாம இருக்கலாம்" என்று சொல்லி வைத்தான். இரண்டு வீட்டாரும் சர்பத் கிளாஸைக்கூட முழுசாகக் காலி செய்யவிடாமல் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இவன் கோழை, எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நழுவத்தான் இத்தனை 'இருந்தா' என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவன் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். "அப்பிடி இருந்தாலும் இருக்கும்" என்றான்.

அப்புறம்தான் ஜமீலுன்னிசா வந்தாள். வந்தாள் என்றா சொல்வது, திரைக்குப் பின்னால் இருந்தாள். அவளுடைய அண்ணன் ஷரீஃப் குடைக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷஃபியுல்லா அவர் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பான். ஒருநாள், "இஃப் ஐ வேர் எ பேர்ட், வாட் வுட் யூ டூ?" என்று ஷரீஃபைக் கேட்டிருக்கிறான். ஷரீஃப் மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "ஐ வுட் பை எ கேஜ்" என்றதாம். அன்று அறைக்கு வந்தவன் என்னிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "கூண்டு வாங்குவாங்களாம் சுப்புராயா! கூண்டு!" கூண்டில் போடுவேன் என்றதற்கு ஒருவன் இவ்வளவு பூரித்துப்போவானா? எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கும் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நானே ஷரீஃபிடம் பேசினேன். பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்று ஷஃபியுல்லாவை மிரட்டி வைத்தேன். நிக்காஹ் குறித்தாயிற்று. இது போனால் அவனுக்கு இன்னொரு இடம் கிடையாது, அவனுக்கு இன்னொரு இடம் வேண்டவும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பூராவும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஷரீஃப் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, நடுவில் மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள், பக்கத்தில் நான். முகத்தை மறைத்துப் பூச்சரங்கள் தொங்கின. பெண்ணின் மாமா மெஹபூப் அலி இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய்ப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு வந்து, "சம்மதம்" என்று சபைக்கு அறிவித்தார். காஜியார் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் தொகையைச் சொல்லி, பெண்ணின் பெயரைச் சொல்லி, "கபூலா?" என்று மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டார்.

"கபூல்" என்றது பூச்சரம்.

அத்தர் கடை பீர் முஹம்மது, நிக்காஹ் முடிந்தது என்று, தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை ஒரு கை அள்ளி வீசிவிட்டார். அப்போதுதான் பூச்சரத்துக்குள்ளிருந்து மீதியும் வந்தது. "அவங்களுக்கு மனசார இஷ்டம் இருந்தா."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். காஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இதுல இருந்தா கிருந்தா எல்லாம் சேராது. நிபந்தனை போட்டா செல்லாது. சுத்தமா ஒரே வார்த்தை."

மெஹபூப் அலி கொதித்துப்போய் எழுந்தார். "இன்னா மாப்ளே, அப்ப நானு பொய்யா சொல்லிக்கினு வந்தேன்? ஷரீஃப், இந்த ஆளு நம்ம பொண்ணுக்கு வாணாம். பந்தியை நிறுத்து!" ஷரீஃப் தங்கை இருந்த அறையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பீர் முஹம்மது குனிந்து பேரீச்சம்பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மூன்றாவது இடமும் போயிற்று என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சொல்லித் தொலைடா, கபூல்னு சொல்லு" என்று அவன் தொடையைக் கிள்ளினேன்.

அவன் பூச்சரங்களை இரண்டு கையாலும் விலக்கினான். முகமெல்லாம் வேர்வை.

"மாமா கோச்சிக்காதீங்க. எங்க அக்கா நிக்காஹ்லயும் இப்பிடித்தான் உள்ள போயிட்டு வந்து சம்மதம்னாங்க. நான் அப்ப சின்னப் பையன், அக்கா பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன். அவ வாயே தொறக்கல. அழுதுக்கினு இருந்தா. வெக்கத்துல அழுவுதுன்னு எடுத்துக்கினாங்க. அவ இன்னிக்கும் அழுதுக்கினுதான் கீறா." மெஹபூப் அலியைப் பார்த்து, "இவங்க வாயால சொன்னாங்களா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

நான் அவனைக் கோழை என்று சொன்னவன். அவன் தொடையைக் கிள்ளிய கையை எடுத்துக்கொண்டேன்.

மெஹபூப் அலி தாடியைத் தடவினார். "தலை ஆடிச்சி" என்றார்.

"பார்த்தீங்களா?" என்றார் காஜியார்.

"முக்காடு ஆடிச்சி."

"பக்கத்துல யாராச்சும் விசிறி வீசிக்கினு இருந்தாங்களா?"

மெஹபூப் அலி சாட்சிகளைப் பார்த்தார். சாட்சிகள் ஜமக்காளத்தைப் பார்த்தார்கள். காஜியார் பெருமூச்சு விட்டு, "பொண்ணோட இஷ்டத்தைக் கேக்கச் சொல்லித்தான் மார்க்கம் சொல்லுது. பையன் கேட்டதுல தப்பில்ல, கேட்ட எடம்தான் தப்பு. போய் நல்லாக் கேட்டுக்கினு வாங்க" என்றார்.

மெஹபூப் அலி நகர்வதற்குள் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். "அடியே, மணப்பொண்ணு பேசக் கூடாதுடி!" என்று பெண்ணின் பெரியம்மா ஹாஜிரா பீ கத்தினாள். அதை மீறிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஜமீலுன்னிசாவின் குரல் வந்தது.

"சம்மதம். என் வாயாலதான் சொல்றேன், சம்மதம். எனக்கு இருந்தாவும் இல்ல, கிருந்தாவும் இல்ல. மாமா, உள்ள ஒரே புழுக்கம், சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க."

கூடமே சிரித்தது. மெஹபூப் அலி மட்டும் சிரிக்கவில்லை. காஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் கொஞ்சம் பயத்தோடேயே, "கபூலா?" என்றார்.

"கபூல்" என்றான். காஜியார் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். வேறெதுவும் வரவில்லை. அவன் கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் குடித்தனம் நன்றாகவே நடந்தது. வீட்டில் அவன் இஃப் செல்லுபடியாகவில்லை என்று கேள்வி. "வர முடிஞ்சா வரேன்" என்று ஆபீஸுக்குக் கிளம்பினால், "சோறு வெக்கட்டுமா வாணாமா, அதைச் சொல்லுங்க" என்று வாசலில் நிறுத்திவிடுவாளாம்.

மெஹபூப் அலிதான் அடிபட்டவர். சபையில் பட்ட அவமானம் அவருக்கு ஆறவே இல்லை. அடுத்த வருஷம் தம் சொந்த மகளுக்கு நிக்காஹ் வைத்தபோது, இனி எவனும் தம்மை ஒரு கேள்வி கேட்கக்கூடாது என்று, சாட்சிகளை அழைத்துக்கொண்டு தாமே உள்ளே போனார். விசிறிகளையெல்லாம் வாங்கி மூலையில் வைக்கச் சொன்னார். "தலையை ஆட்டினா ஒத்துக்க மாட்டேன். வாயைத் தொறந்து சத்தமா சொல்லும்மா" என்றார்.

அந்தப் பெண் வாயைத் திறந்து, சத்தமாக, "வாணாம்" என்றாள்.

கல்யாணம் நின்றுபோனது. மெஹபூப் அலி அன்றிலிருந்து ஷஃபியுல்லாவோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டிலிருந்து அந்தப் பெண் ஷஃபியுல்லாவுக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய சேமியா கொடுத்தனுப்புகிறாள்.