ஆறு இருபதுக்கு விழும் இதயம்

தொகிகோ இன்னும் எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம், காலை ஆறு இருபதுக்கு அவளுடைய இணையப் பதிவில் விழும் ஒரே ஓர் இதயக்குறி. நாகஒகா நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டங்கள் போடும் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறாள். தினமும் ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், தொடர்கதையில் ஒரு பகுதியைப் பதிவேற்றுவாள். பதிப்பகங்கள் இப்போதெல்லாம் சமூக வலைத்தளத்தில்தான் எழுத்தாளர்களைத் தேடுகின்றன என்று கேள்விப்பட்டு ஆரம்பித்தது. ஆறு வருடத்தில் ஒரு பதிப்பகமும் அவள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நாற்பது பேர் படித்தால் அதிகம்.

அந்த நாற்பதில் முதல் ஆள் ‘உப்புக்காற்று’. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவன் ஹிராகு என்ற இளைஞன். அவள் சொந்தச் செலவில் அச்சடித்த சிறு புத்தகத்தைத் தபாலில் வாங்கியிருந்ததால் முகவரியும் தெரியும். முன்பு பத்தி பத்தியாகக் கருத்து எழுதுவான். போன மே மாதத்திலிருந்து வெறும் இதயம்தான். வேலை கூடியிருக்கும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“எழுத்தாளரம்மா, எண்ணெய் புகையுது,” என்பாள் கூட வேலை செய்யும் ஃபுமி. “அந்த ஒத்தை ரசிகனை நம்பி வேலையை விட்டுடாதீங்க.”

“ஒருத்தன் போதும்டி. தினம் காத்திருக்கான்ல.”

அந்த நம்பிக்கையில்தான் புத்தாண்டுக்கு அவனுக்கு ஓர் அட்டை அனுப்பினாள். சிவப்பில் அந்த ஆண்டுக்குரிய குதிரைப் படம், கீழே, ‘இந்த வருடமும் உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.’

ஜனவரி நடுவில் பதில் வந்தது. பூவோ வண்ணமோ இல்லாத வெள்ளை அட்டை. ‘துக்க வீடு, புத்தாண்டு வாழ்த்து வேண்டாம் என்று டிசம்பரிலேயே தெரிவிக்காதது எங்கள் தவறு. மகன் ஹிராகு சென்ற மே மாதம் காலமானான். தாய், சதாஎ.’

இழவு வீட்டுக்கு வாழ்த்து அனுப்பிய வெட்கம் முதலில் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது. அன்று காலைகூட இதயம் விழுந்திருந்தது. மறுநாள் அடுத்த பகுதியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். ஆறு இருபதுக்குச் சரியாக விழுந்தது. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊதுவத்திப் பெட்டியோடு, ஹிராகுவின் வீடு இருந்த காஷிவாஸாகிக்கு ரயில் ஏறினாள். கதவைத் திறந்த சதாஎ, பெயரைக் கேட்டதும் உள்ளே கூட்டிப்போனார். பூஜை மாடத்தில் ஹிராகுவின் படம், சிறு கிண்ணத்தில் சோறு. பக்கத்தில் சார்ஜர் மாட்டிய போன்.

“காலையில ஆறு இருபதுக்கு அவனுக்குச் சோறு வைக்கறப்ப இது மினுங்கிக்கிட்டிருக்கும்,” என்றார் சதாஎ. “இருந்தப்ப, மினுங்குனா உடனே எடுத்துப் படிப்பான். படிச்சிட்டு இந்த இதயத்தை அழுத்துவான். அதுக்குள்ள சோறு ஆறிப்போகும், தினம் திட்டுவேன். இப்ப நானே அழுத்திடறேன். அவனைத் தேடி யாரோ வர்றாங்க, பதில் இல்லாம போகக் கூடாதுல்ல.”

“நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?”

“அவனுக்கு வர்றதை நான் எப்படிப் படிக்கறது?”

எட்டு மாதமாகத் தன்னைத் தாங்கியது ஒரு வரிகூடப் படிக்காத விரல் என்று தொகிகோவுக்கு உறைத்தது. ஊதுவத்தியை ஏற்றிக் கும்பிட்டாள். இனி எழுதப்போவதில்லை என்று அந்தப் படத்துக்குச் சொல்ல நினைத்தாள்.

“நிறுத்திடாதீங்க,” என்றார் சதாஎ பின்னாலிருந்து. “நீங்க நிறுத்துனா இது மினுங்காது.”

தொகிகோ திரும்பினாள். “அப்ப நீங்க படிங்க. அனுப்பறவ நான் சொல்றேன்.” சதாஎ தேநீர் ஊற்றினார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, மனசே இல்லாமல், அடுத்த பகுதியை ஏற்றினாள். ஆறு இருபது ஆனது. ஒன்றுமில்லை. ஆறரை ஆனது. சொன்னது தப்பாகப் போய்விட்டது, இருந்த ஒன்றையும் துரத்திவிட்டோம் என்று நினைத்தபடி செருப்பை மாட்டினாள்.

ஆறு ஐம்பதுக்கு இதயம் விழுந்தது. அதன் கீழே, மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, இறந்தவன் பெயரில் ஒரு வரி வந்தது.

‘இன்னைக்குச் சோறு ஆறிப்போச்சு.’