எட்டுக் கைகள்

தலைக்குச் சாயம் பூசும்போது கையுறை போடச் சொல்லி மகள் திட்டுவாள். இன்றும் போடவில்லை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பைப் பார்த்ததும் செஞ்சியில் எங்கள் வீட்டு நெல் அவிக்கும் அண்டா நினைவுக்கு வந்தது.

இந்தி எதிர்ப்புக் காலம் அது. பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அண்ணன், நைனாவின் வெள்ளை வேட்டியை அந்த அண்டாவில் போட்டு, சந்தையில் வாங்கிய கறுப்புச் சாயப்பொடியும் உப்பும் கொட்டிக் கொதிக்கவைத்தான். அவசரத்தில் வெறுங்கையாலேயே பிழிந்தான். காலையில் கோட்டைச் சுவரில் அது கறுப்புக் கொடியாகப் பறந்தது.

"இருந்த நல்ல வேட்டியும் போச்சு. இனிமே நான் இன்னாத்தைக் கட்டிக்கிறது?" என்று நைனா அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஏட்டு வீடு வீடாகக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கறை இருந்தால் ஸ்டேஷன்தான்.

அம்மா அண்டாவின் பக்கம் ஓடினாள். மிச்சச் சாயத்தில் மணிக்கட்டு வரை கையை முக்கினாள். என் கையையும் பிடித்து முக்கினாள். நைனா திட்டுவதை நிறுத்திவிட்டு வந்து தன் கையையும் விட்டார்.

"இன்னாம்மா இது?" என்றார் ஏட்டு.

"பழைய பொடவைக்குச் சாயம் போட்டோம் ஏட்டய்யா. வூட்ல எல்லார் கையும் கறுப்புதான். யாரை இட்டுனு போகப்போறீங்க?" என்றாள் அம்மா.

எட்டுக் கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். ஒரு வாரம் அந்தக் கையாலேயே சோறு தின்றோம். நைனா சோப்புப் போட்டுக்கூடத் தேய்க்கவில்லை.

மகள் மறுபடியும் கையுறையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். இது மறைத்துப் பழகிய கை அல்ல.