சேதம் என்ற குறி

கணினிப் பதிவுகளை நாடாவில் எழுதிப் படிக்கும் டேப் டிரைவின் முகப்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் டேப் அக்கா. டேப் உள்ளே போகும்போது எழும் உறுமலை வைத்தே, அது ஒழுங்காகச் சுற்றுமா, மக்கர் பண்ணுமா என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவார். மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கும் அதே விரல்தான்.

அவருடைய அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம், பழைய காகிதக் கோப்புகளோடு நான். இருவருக்கும் ஒரே ஏசி. அவருடைய எந்திரங்களுக்காக அது ஓடுகிறது. பாடுபடுவது என் முழங்கால்.

நகல் என்றால் அக்காவுக்கு லேசில் நம்பிக்கை வராது. அவர் கணவர் வீட்டுக் கதவுக்கு மூன்று மாற்றுச் சாவி வெட்டி வைத்திருந்தார். "மூணும் சேரலய்யா, வாசல்ல நின்னோம்," என்றார் ஒருநாள். "வெட்டி வாங்குனவரு போட்டுப் பாக்கல. கேட்டா, மூணு இருக்கேங்கிறாரு மனுஷன்."

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் கொஞ்ச காலம் சர்வரில் இருக்கும். பிறகு, டேப்பில் நகல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இடத்துக்காகச் சர்வரே மூலத்தை நீக்கிவிடும். டேப்பைப் படிக்கும்போது எங்காவது தடுக்கினால், அந்த நகலின்மேல் 'சேதம்' என்று குறித்துவிட்டு அதன்பின் தொடாது. குற்றம் டேப்பினுடையதா, டிரைவில் படிந்த தூசியினுடையதா என்றெல்லாம் விசாரிக்காது. அந்தக் குறியை நீக்க மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. கோப்பின் பெயரையும், எத்தனையாவது நகல் என்பதையும் கொடுத்தால் போதும். "குறிதான்யா போகும். கோளாறு போகாது," என்பார் அக்கா.

அவருக்கு முன்பு இருந்தவர், மேலதிகாரிகளுக்குப் போகும் அறிக்கையில் சேதத்தைக் காட்டும் சிவப்பே தெரியக்கூடாது என்று எல்லாக் குறிகளையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டார். சர்வர் அதை நம்பி மூலங்களை நீக்கியது. பிறகு டேப்பைப் போட்டால் எதுவும் வரவில்லை. பலருடைய படங்கள் அப்படிப் போயின. அக்கா ஒவ்வொரு குறியாகத்தான் நீக்குவார். நீக்கிய கையோடு கடைசிவரை படித்துப் பார்ப்பார்.

போன வாரம் லிஃப்ட் இயக்கும் அண்ணன் படியிறங்கி வந்தார். அவர் நுரையீரலில் ஒரு நிழல். பல வருடத்துக்கு முன் எடுத்த ஸ்கேனிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் நெஞ்சைத் திறந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா தேடினார். இரண்டாம் நகல் இருந்த டேப் எப்போதோ அறுந்துபோனது. முதல் நகலின்மேல் சேதம் என்ற குறி.

"என்ன தங்கச்சி, மூஞ்சி தொங்குது? என் கத கந்தலா?"

"சும்மா உக்காருங்கண்ணே. சேதம்னு சொன்னது மெஷினு. நான் இன்னும் சொல்லல."

டிரைவைச் சுத்தம் செய்தார். குறியை நீக்கி, டேப்பை உள்ளே விட்டு, காதை வைத்தார். சுற்றிக்கொண்டே வந்த டேப் நின்றது. அண்ணனின் கால் ஆட்டமும் நின்றது. டேப் பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது, மறுபடி நின்றது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முயற்சியில், நொண்டி நொண்டி, முடிவுவரை ஓடியது.

"வந்துருச்சு. மேல டாக்டருக்கு அனுப்பிட்டேன்."

"நீயே பாத்துச் சொல்லேன், நிழல் இருக்கான்னு."

"எனக்கு டேப்தான் பாக்கத் தெரியும். படத்தப் பாத்து ஏதாவது உளறி உங்களக் கொல்லவா?"

"அந்த வேலைக்குத்தான் மேல டாக்டர் இருக்காரே," என்றார் அண்ணன். சிரிக்க முயன்றார். வரவில்லை.

டாக்டரிடமிருந்து போன் வந்தது. அண்ணன் வாங்கிக் கேட்டார். "அதே நிழலு. அதே அளவாம். அறுக்க வேணாமாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மனைவிக்குப் போன் போட முயன்று, வேறு யாரையோ அழைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் அக்கா படங்களைப் புதிய டேப்கள் இரண்டில் எழுதிப் படித்தும் பார்த்திருந்தார். இப்போது பழைய நகலின் பெயரைத் தட்டச்சு செய்தார். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி, மறுபடியும் சேதம்னு போடுறியா? என்னக் காப்பாத்துன டேப்பு!"

"உங்களுக்குப் படிச்சுது. அடுத்து கேக்குறவங்களுக்கும் படிக்கும்னு நான் எப்படிண்ணே சொல்ல?"

குறி பதிந்தது. டேப் வெளியே வந்தது. அக்கா அதைக் கையில் எடுத்து, அதன் முகத்தைத் தன் ஸ்வெட்டர் கையால் ஒருமுறை துடைத்தார்.