சொந்தக்காரர் காருக்கு எதுக்குங்க மெக்கானிக்?

இன்னிக்கு மச்சானை என் பைக்ல உக்கார வெச்சு சூலூர் கூட்டிட்டுப் போனேன். அவரோட சின்ன மாமனார் தன்னோட பழைய காரை விக்கிறாராம்.

"ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கலாங்க மச்சான்"னேன்.

"சொந்தத்துக்குள்ள மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா மரியாதையா இருக்குமுங்களா?"ன்னாரு.

போனதும் பானெட்ல கை வெச்சேன். சுட்டுச்சு. நாங்க வர்றதுக்குள்ள ஓட்டி, சூடு பண்ணி வெச்சுப்போட்டாங்க. ஆறின இஞ்சினைக் கிளப்பினாத்தானே பொகையும் சத்தமும் தெரியும்?

"வெயிலுங்க தம்பி"ன்னாரு சின்ன மாமனார். கார் நின்னது ஷெட்டுக்குள்ள.

இஞ்சின் ஆயில் மூடியைக் கழட்டினேன். உள்பக்கமெல்லாம், அவங்க ஊட்ல குடுத்த காப்பி நெறத்துலயே கொழகொழன்னு இருந்துச்சு.

"ஆயில்ல தண்ணி கலக்குது. தண்ணியைத் தடுக்கற ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. வேண்டாமுங்க மச்சான்."

மச்சான் அத்தனை பேர் முன்னாடியும் சிரிச்சாரு. "பைக்ல போறவருக்குக் காரைப் பத்தி என்னங்க தெரியும்?"

அசிங்கப்படுத்தறப்பக்கூட 'ங்க' போடறாரு பாருங்க, அதான் எங்க ஊரு.

காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினாரு. நான் பைக்ல பின்னாடியே வந்தேன்.

இருகூர் தாண்டறதுக்குள்ள பானெட்லிருந்து குபுகுபுன்னு ஆவி. புது மாலையோட ஓரமா நின்னுபோச்சு கார். மச்சான் வெயில்ல நின்னு என்னைப் பார்த்துக் கை காட்டினாரு. நானும் கை காட்டிட்டு நிக்காம வந்துட்டேன்.

இப்ப, மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி மெசேஜ் மேல மெசேஜ் போடறாரு.

சொந்தத்துக்குள்ள மெக்கானிக்கை அனுப்பினா மரியாதையா இருக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க.