வேண்டாத பெயர்களை ஏலம் கேட்டவர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருவர் வந்தார். பால்கோவா கடைக்காரர், சட்டையெல்லாம் நெய் வாசம். போனில் இணையதளப் பெயர்களை ஏலம் கேட்பதும், தோற்றதும் சிரிப்பதுமாக இருந்தார்.

"தோத்துட்டுச் சிரிக்கீகளே, அண்ணாச்சி?"

"நாம விரலால அமுக்குதோம். எதிர்ல கேக்குதது கம்ப்யூட்டரு. ஏலம் நடத்துதவன் அதுக்கு மட்டும் தனி வாசல் விட்டிருக்கான். நான் எதக் கேட்டாலும் கூடக் கேட்டு வாங்கிருது. அதான் இப்பம் வேண்டாத பேராப் பாத்துக் கேக்கேன். 'புளிச்ச பால்கோவா', 'குரைக்காத நாய்', அம்புட்டையும் வாங்கிருச்சு."

"நெசமா வேண்டிய பேரு எது?"

என் போனை ஒரு பார்வை பார்த்தார்.

"அத ஆஃப் பண்ணுங்க, சொல்லுதேன்."

காதோடு சொன்னார். அருமையான பெயர். இன்னும் விலைபோகாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.