கன்சென்ட் என்றொரு மாத்திரை

அயர்லாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பேட்ரிக் என்றொரு பெரியவர் இருக்கிறார். கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாது. ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு, அவர் "கம் இன்" என்று சொல்லும்வரை நாங்கள் வெளியேதான் நிற்க வேண்டும். சேர்ந்த முதல் வாரம், அவரைக் குளிப்பாட்டப் போன என்னிடம் மேலாளர் அம்மா, "கன்சென்ட் ஆயிற்றா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் உச்சரிப்பில் அது ஏதோ மாத்திரையின் பெயராக என் காதில் விழுந்தது. "காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உட்காரவைத்து விளக்கினார். சம்மதம். எங்கள் கொல்லிமலையில் அந்தச் சொல்லைக் கல்யாணப் பேச்சில்தான் கேட்டிருக்கிறேன். அதையும் பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் பேட்ரிக்கின் மகள் வந்து, அப்பாவின் பரிசோதனை முடிவு என்னவென்று கேட்டாள். யாருக்கும் சொல்ல வேண்டாமென்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். "நான் அவர் மகள்!" என்று கத்தினாள். வெளியே விதியைச் சொன்னாலும் உள்ளுக்குள் நான் அவள் கட்சிதான். பெற்ற பிள்ளைக்கே காட்டாத காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள், ஈவிரக்கமில்லாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் என் வாட்ஸ்அப்புக்கு அம்மாவின் ரிப்போர்ட் வந்தது. அனுப்பியது அண்ணன். மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில், "கூட வந்த அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்று டாக்டர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா வெளியே பெஞ்சில். கர்ப்பப்பையில் புற்று என்று அவனிடம் சொன்னார்கள். அம்மாவிடம், "சூட்டுக்கட்டிம்மா, கரைஞ்சிரும்" என்றார்கள். நான் வேலை இடைவேளையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தேன். பார்க்கலாமா என்று அம்மாவைக் கேட்க வேண்டுமென்று தோன்றவே இல்லை. அன்று போனில் நானும், "சூடுதாம்மா" என்றேன்.

லீவு போட்டுக்கொண்டு கொல்லிமலையில் எங்கள் ஊரான ஆலத்தூர் நாட்டுக்குப் போனபோது எங்கள் தோட்டத்தில் பலா பழுத்துக் கிடந்தது. அம்மா ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. உடம்புக்குச் சூடாம். காலையும் மாலையும் வெந்தயத் தண்ணீர் குடித்து, இல்லாத நோய்க்கு அவ்வளவு ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் சண்டை போட்டேன். "சொன்னா மனசு ஒடஞ்சுரும்" என்றான். ஆனாலும் அன்று மாலை வெந்தயத் தண்ணீரை நானே அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக மூவரும் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எங்களிடம் மிளகு வாங்கும் வியாபாரி வந்தார். நல்ல டாக்டர் யாரென்று விசாரிக்க அவருக்கும் அண்ணன் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறான்.

"ஏனுங்க அக்கா, கேன்சர்னு ரிப்போர்ட்டு வந்துருச்சாமா? மனச உட்ராதீங்க" என்றார்.

அம்மா அவரிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"நீயும் பாத்துட்டியா கண்ணு?"

"பாத்துட்டேம்மா."

"எம்பட ஒடம்புல இருக்கறது செம்மேடு பூராத்துக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் வெந்தயத் தண்ணி."

மலை இறங்கும் பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அம்மா அந்த ரிப்போர்ட் ஃபைலை மடியில் அழுத்திப் பிடித்தபடி வந்தாள். அண்ணன் கை நீட்டியும் தரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல, "அம்மா, நீங்க வெளிய உக்காருங்க" என்றார்.

"நானுங்க நோயாளி. இவங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கட்டும்."

கதவு மூடிக்கொண்டது. அவள் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"சொல்லோணும்னு தோணுனா சொல்றேன் சாமி."

இன்றுவரை சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரியும். ஆபரேஷனுக்குச் சம்மதித்தாளா, வேண்டாமென்றாளா, எத்தனை நாள் இருப்பாள், எதுவும் தெரியாது. ஃபைல் தகரப்பெட்டியில், சாவி அவள் இடுப்பில். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. அந்த ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குப் போன் போட்டு, "பேஷன்ட்டோட பொண்ணு பேசறனுங்க" என்றால் போதும், என் பெயரைக்கூடக் கேட்காமல் முழுவதையும் வாசித்துவிடுவார்கள். அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்த நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிற என்மேலும்தான்.

லீவு முடிந்து அயர்லாந்து திரும்பிவிட்டேன். இன்று காலை பேட்ரிக்கின் கதவைத் தட்டினேன். "நாட் யெட்" என்றார். வராந்தா நாற்காலியில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். என் ஒரு கையில் துண்டு, மறு கையில் போன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துவிட்டு எனக்கு இடம் விட்டாள்.