ஆமை அக்கா முதல் வரியைப் படிக்காத நாள்

ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியை ஆமை என்று கூப்பிடுவது மரியாதையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பின்னால் ஓர் ‘அக்கா’வைச் சேர்த்துவிட்டால் எந்தப் பட்டப்பெயரும் செல்லப்பெயர் ஆகிவிடும் என்பது அந்த அலுவலகத்துப் பிள்ளைகளின் நினைப்பு. ஆமை அக்காவுக்கும் அதில் வருத்தமில்லை. ஓடுகிறவன் விழுந்தால்தான் அடி பலமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

அது காணாமல் போனவர்களைத் தேடித்தரும் உதவி மையம். முன்னறையில் நான்கு தொலைபேசிகள், மரத்தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர்கள். இருபத்துநாலு வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர் ஆமை அக்கா. காகிதப் படிவங்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்த பாதிப் பேர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் ஒரு இரவல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். வேலையில் அதற்கு ‘குவெரி’ என்று பெயர்.

ஊரில் பன்னிரண்டு காப்பகங்கள். பெயர், விலாசம் சொல்லத் தெரியாமல் தெருவில் நிற்பவர்களை அங்கேதான் சேர்ப்பார்கள். மையத்துக் கம்ப்யூட்டர் கேட்டால் ஒவ்வொரு காப்பகத்தின் வெப் சர்வீஸும் தன்னிடம் இருப்பவர்களின் விவரத்தை எக்ஸ்எம்எல்லாக அனுப்பும். எக்ஸ்எம்எல் ஒன்றும் பூதமில்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ‘நபர்’ என்று ஒரு சீட்டு, அதற்குள்ளே ‘வயது’, ‘தழும்பு’, ‘உயரம்’. அந்தக் குவியலிலிருந்து வேண்டிய ஆளைப் பொறுக்கி எடுப்பது ஆமை அக்கா எழுதிய குவெரி.

எங்காவது கோளாறு என்றால் மற்றவர்கள் குவெரியைப் பிடித்துக் குடைவார்கள். இவரோ காப்பகம் அனுப்பிய பதிலை அப்படியே அச்செடுத்து, பென்சிலும் கையுமாக முதல் வரியிலிருந்து படிப்பார். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்கிற ரகம். ஆமை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த மாதம் சலவைக்கடை நடத்தும் ஒரு பெண்மணி தினமும் காலை ஒன்பது பத்துக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார். தம்பியைக் காணவில்லை. நாற்பத்துமூன்று வயது, சில வருடங்களுக்கு முன் தலையில் அடிபட்டதிலிருந்து தெருப்பெயர், ஃபோன் நம்பர் எதுவும் நினைவில் நிற்பதில்லை. வலது புருவத்தில் தழும்பு, இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அக்காவும் தம்பியும் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஃபோன் எடுக்கும் பெண் விவரத்தைத் தட்டுவாள், திரையில் பூஜ்யம் வரும், இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாள்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் தடுப்புக்குப் பின்னால் எழுந்து வந்தாள். முகம் சரியில்லை. அந்தம்மா இன்றைக்கு அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். ஃபோனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டாராம்.

“நான் கேக்குற விதம் ஏதும் தப்பாம்மா? வேற மாதிரி கேட்டா கெடைப்பானா?”

ஆமை அக்கா கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்தார். கேட்கிற விதம் அந்தம்மாவுடையதா என்ன? கேட்பது இவருடைய குவெரி அல்லவா!

உட்கார்ந்தார். தழும்பை எடுத்துவிட்டுத் தேடினார், இல்லை. விரலை எடுத்தார், வயதை எடுத்தார், இல்லவே இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையும் வைக்காமல், இருக்கிற நபர்கள் அத்தனை பேரையும் கொடு என்று கேட்டார். பதினோரு காப்பகங்களிலிருந்து ஆட்கள் வந்து கொட்டினார்கள். பன்னிரண்டாவது காப்பகத்திலிருந்து பூஜ்யம். நூற்றுநாற்பது படுக்கை உள்ள இடத்தில் ஒரு மனிதர்கூட இல்லையாம்! பிழை என்று ஏதாவது வந்திருந்தால் என்றைக்கோ சந்தேகம் வந்திருக்கும். பூஜ்யம் பிழை இல்லையே, அதுவும் ஒரு பதில்தானே. மற்ற பதினோரு இடங்களும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் எவருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் காப்பகம் அனுப்பிய பதிலை அச்செடுத்தார். முப்பத்தொரு தாள். நூற்றுநாற்பது பேரும் அதில் பத்திரமாக இருந்தார்கள். ஒன்பதாம் தாளில் வலது புருவத்துத் தழும்பும் இல்லாத சுண்டுவிரலும் இருந்தன. ‘அக்கா வருவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்று யாரோ குறிப்பு வேறு எழுதியிருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

கோளாறு முதல் வரியில் இருந்தது. காப்பகத்தார் தங்கள் சர்வீஸைப் புதுப்பித்தபோது அங்கே ‘நேம்ஸ்பேஸ்’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். இனி இந்தச் சீட்டுகளெல்லாம் இன்ன வீட்டைச் சேர்ந்தவை என்ற அறிவிப்பு அது. கீழே சீட்டுகள் பார்க்கப் பழையபடியேதான் இருக்கும். ஆனால் இனிமேல் அவை வெறும் ‘நபர்’ இல்லை, அந்த வீட்டு ‘நபர்’. வீட்டைச் சொல்லாமல் கேட்டால், மனிதர் எந்த வீட்டு ஆள் என்று திருப்பிக் கேட்பார். கம்ப்யூட்டர் கேட்காது, அப்படி யாரும் இல்லை என்று கையை விரித்துவிடும்.

குவெரியில் அந்த வீட்டின் பெயரைச் சேர்க்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆள் வந்துவிட்டார் திரையில். ஃபோன்காரப் பெண் சலவைக்கடையைக் கூப்பிட ஓடினாள்.

ஆமை அக்கா மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. சர்வீஸ் மாறப்போகிறது, சோதித்துப் பாருங்கள் என்று காப்பகத்தார் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். சோதித்தவர் இவரேதான். அன்றைக்குக் கணவருக்குக் கண் ஆபரேஷன். பதிலைத் திரையில் திறந்து, சீட்டுகளின் பெயர் மாறவில்லை என்று பார்த்து, ‘சரி’ என்று எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் முதல் வரியைப் படிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனைக்கு அடியில் யார் மாட்டினார் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

மேலதிகாரி நல்லவர்தான், பயந்தவர். புதுத் தகவல் இப்போதுதான் வந்தது என்று சொல்லி முடித்துவிடலாமே என்றார். ஆமை அக்கா கணவருக்கு ஃபோன் செய்தார். தையல்காரர் அவர், பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“அளவு தப்பா வெட்டினா துணி குடுத்தவங்ககிட்ட நேர்ல போய்த்தான் சொல்லணும். ஃபோன்ல சொன்னா அது மன்னிப்பு இல்ல,” என்றார். பிறகு, “தப்பே பண்ணாத ஆளு வேணும்னு நீ ஒத்தக்கால்ல நின்னிருந்தா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது, போயிட்டு வா,” என்றார்.

கோளாறு எந்தத் தேதியில் தொடங்கியது, இடையில் யார் யார் தேடினார்கள் என்று பார்க்க, மையத்தின் தேடல் பதிவை ஆமை அக்கா அச்செடுத்தார். சலவைக்கடை அம்மாவைத் தவிர இன்னும் ஏழு பேர் தேடியிருந்தார்கள். அந்த ஏழு தேடல்களையும் மறுபடி ஓட்டி, கிடைத்த இரண்டு பேரின் விவரத்தை ஃபோன்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சலவைக்கடை அம்மாவின் தேடல்களை மட்டும் தனித் தாளில் அச்செடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காப்பகத்து வாசலில் சலவைக்கடை அம்மா ஈரக் கையோடு நின்றிருந்தார், கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை பாவம். நர்ஸ் இருவரையும் உள்ளே கூட்டிப்போனாள். ஜன்னலோரக் கட்டிலில் தம்பி உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தார், தெரிந்துகொண்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீ என்னைத் தேடல. தெனமும் கேட்டேன். யாரும் உன்னைக் கேட்டு வரலைன்னுதான் சொன்னாங்க.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை; மையத்திலிருந்து அவளுக்கு ஒரு தகவலும் வந்ததில்லை. எத்தனையோ மறந்த மனிதர் இதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்.

ஆமை அக்கா முன்னால் போய்க் கட்டில் விளிம்பில் தாளை வைத்தார்.

“தம்பி, உங்க அக்கா தேடுனாங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். இதுல இருக்கு, நீங்களே பாருங்க.”

பத்தொன்பது வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, நேரம், வலது புருவத்தில் தழும்பு, இடது சுண்டுவிரல் இல்லை, கடைசியில் ஒரு பூஜ்யம். தம்பி வெகுநேரம் திரும்பவே இல்லை. பிறகு திரும்பித் தாளை மடியில் வைத்து, விரலை ஊன்றி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். ஒன்பது பத்து. ஒன்பது பத்து. ஒன்பது பதினொன்று. ஆமை அக்காவுக்கு அவரைப் பார்க்க முடியாமல் கண் மறைத்தது. இத்தனை நிதானமாக ஒரு தாளைப் படிக்கிறவரை அவர் பார்த்ததே இல்லை.

ஆறாவது வரியில் விரல் நின்றது.

“ஞாயித்துக்கிழமையுமா கேட்ட?”

“ஆமாடா,” என்றார் சலவைக்கடை அம்மா.

தம்பி மிச்ச வரிகளையும் படித்து முடித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அக்கா உட்கார இடம் விட்டார்.